நாவமரத்துக்கு வந்தா ஏழு மணி

எங்க ஊர்ல மணி என்னன்னு கேட்டா யாரும் கடியாரத்தப் பாக்க மாட்டாவ, செல்போனையும் எடுக்க மாட்டாவ, தலையத் தூக்கி ஒத்தத்தலை மலையத்தான் பாப்பாவ. மலையில நடக்கிற ஆள் ஆனைக்கல்லுகிட்ட தெரிஞ்சா பால் கறக்கிற நேரம், நாவமரத்துக்கு வந்தா ஏழு மணி, பிள்ளைகள உக்கார வச்சு எண்ணெய் தடவிச் சடை பின்னணும், வெள்ளைச் சரிவுல ஏறினா உச்சிப்பொழுது, உலை கொதிச்சிருக்கணும், சரிவத் தாண்டி அந்தக் கடைசிப் புதர்கிட்ட போயிட்டா விளக்கு வைக்கணும். காலையில பாத்தா திரும்பவும் ஆனைக்கல்லுகிட்டதான். மேல மேல ஏறுற ஆள் எப்படி மறுநாள் கீழ இருந்து ஏறும்னு கேட்டா எனக்குத் தெரியாது. பூமி சுத்துதுன்னு சொல்றாவல்லா, அது எப்படிச் சுத்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாமத்தானே சோறு திங்குறீய. இதுவும் அப்படித்தான்.

சிரிக்கணும்னா சிரிங்க. நீங்களும் லீவுக்கு வந்தவக, மலையப் பாக்கணும், ஆத்துல காலு நனைக்கணும், போட்டோ எடுக்கணும். டீய குடிச்சுக்கிட்டே கேளுங்க, இந்தச் சொர்ணத்தாய் கடையில டீக்குத்தான் காசு, கதைக்கு இல்ல.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலைப்பாதை தொடங்குற இடத்துல, இடுப்பு உசரத்துக்கு ஒரு கல்லு நிக்கும், பாத்திருப்பிய. அவதான் குழைவாங்கி. கோபுரம் கிடையாது, கொடிமரம் கிடையாது, பூசாரி கிடையாது, தேங்காய்கூட கேக்க மாட்டா. மலையேறுற ஆள் ஒவ்வொண்ணும் ஆவரஞ்செடியில ஒரு குழைய, இலையோட ஒரு சின்னக் கொப்ப, ஒடிச்சு அவ தலையில வச்சுட்டுத்தான் ஏறணும். ஆள் மேல இருக்கிற வரைக்கும் அந்தக் குழை, எந்த வெயில்லயும், இப்ப ஒடிச்ச மாதிரியே பச்சையா இருக்கும். ஆள் இறங்கி அவளத் தாண்டின நிமிசம் வாடிரும். வாடின குழைய எடுத்து, பாலத்துக்குக் கீழ ஓடுற கூவலாத்துல விட்டுட்டு வீட்டுக்குப் போகணும். பொழுது சாயும்போது அவ தன் தலையத் தடவிப் பாப்பா. ஒரு குழை பச்சையா இருந்தா, ஒரு ஆள் இன்னும் இறங்கலன்னு அர்த்தம், அந்த ஆள எப்படியாவது வழி காட்டிக் கீழ கொண்டாந்து விட்டுட்டுத்தான் உறங்குவா. ஒண்ணும் இல்லன்னா, மேல யாரும் இல்லன்னு மலைய அடைச்சிருவா. ஆடு மேய்க்கிறவன், தேன் எடுக்கிறவன், விறகுக்குப் போற பொம்பளை, எவரும் இதுல பிசகுனது கிடையாது. எங்க பிள்ளைக நடக்கப் படிக்கும்போதே இதையும் படிச்சிரும்.

அந்தப் பொங்கல் லீவுக்கு மெட்ராஸ்லேருந்து வெள்ளைக் கார்ல வந்தாவ செழியனும் வசுமதியும். புருசன் பொஞ்சாதி. அவனுக்கு நீலச் சட்டை, கழுத்துல துண்டு, கையில போன். அவளுக்கு மசக்கை, முகம் வெளுத்துக் கிடந்தது, வடைய முகர்ந்துட்டு வேண்டாம்னுட்டா, என் மாங்கா ஊறுகாய மட்டும் வெறுமனே நக்கிச் சாப்பிட்டா. எத்தன மாசம்மான்னு கேட்டேன். "மூணுக்கா, இன்னும் யாருக்கும் சொல்லல, உங்களுக்குத்தான் மொதல்ல"ன்னா. எனக்கு அந்தப் பிள்ளைய அப்பமே பிடிச்சுப் போச்சு.

"மலையில யாரப் பாக்கப் போறீய?"ன்னு கேட்டேன்.

"ஒரு டப்பாவத் தேடிப் போறோம்க்கா"ன்னான் செழியன். "ஜியோகேஷிங்னு ஒரு விளையாட்டு, உலகம் முழுக்க விளையாடுறாங்க. யாராவது ஒரு டப்பாவ காட்டுலயோ மலையிலயோ ஒளிச்சு வச்சுட்டு, இடத்தை மட்டும் போன்ல போட்டுடுவாங்க. இந்த அம்பு காட்டுற பக்கமா நடந்து நடந்து கண்டுபிடிக்கணும். உள்ள சின்னச் சின்னச் சாமான் இருக்கும். ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும், அதுதான் சட்டம்."

"எடுத்த சாமானை வித்தா என்ன கிடைக்கும்?"

"அஞ்சு ரூபா கிடைக்காதுக்கா."

"எம்மா! இதுக்கா இம்புட்டு தூரம்? கூறுகெட்ட விளையாட்டா இருக்கே."

வசுமதி சிரிச்சா சிரிப்பு, குமட்டல்கூட நின்னு போச்சு அவளுக்கு. "நல்லாக் கேளுங்கக்கா, நாலு வருசமா இந்த டப்பா பின்னாலதான் என்னை இழுத்துட்டு அலையறார்"ன்னா. பெறவு நான் குழைவாங்கியப் பத்திச் சொல்லி, ஆளுக்கொரு குழை ஒடிச்சுக் கொடுத்தேன். அவன் கல்லையும் குழையவும் பாத்துட்டு, "இதுவும் எங்க விளையாட்டு மாதிரிதான் இருக்கு"ன்னு சொல்லிப் பக்தியாத்தான் வச்சான், கிண்டல் பண்ணல, அவன அதுக்குக் குத்தம் சொல்ல மாட்டேன். அவ குழைய அவன் குழைக்குப் பக்கத்துல, காம்போட காம்பு ஒட்ட வச்சா. ரெண்டு பேரும் ஏறிப் போனாவ.

மத்தியானம் அவ மட்டும் இறங்கி வந்தா. வெள்ளைச் சரிவுல வாந்தி எடுத்திருக்கா, "நீ போய் அக்கா கடையில உக்காரு வசு, இன்னும் நாப்பது மீட்டர்தான் காட்டுது, எடுத்துட்டு ஓடி வந்துடறேன்"னு அவன் அனுப்பி வச்சிருக்கான். நான் வடைச்சட்டிக்கு முன்னால நின்னேன், எண்ணெய் காய்ஞ்சு கிடக்கு, அங்கிருந்தே கையக் காட்டி, "ஏளா, குழைய எடுத்து ஆத்துல விட்டுட்டு வா"ன்னு கத்தினேன். அவளும் தலையாட்டிட்டு எடுத்தா, படித்துறையில குனிஞ்சு விட்டா, கையக் கழுவிட்டு வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்தா.

உக்காந்தவ சும்மா இருக்காம, "என்னோடது வாடிப் போச்சுக்கா, அவரோடது பச்சையா இருந்துச்சு, ரெண்டையும் சேர்த்தே விட்டுட்டேன், பாவம் களைச்சு வருவார், அவர் வேற எதுக்குக் குனியணும்"ன்னா.

வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்தே தட்டு கழுவி, ரெண்டு பேருக்கும் சேத்தே டிக்கெட் எடுத்து, ரெண்டு பேர் துணியவும் ஒண்ணாவே ஊறப் போட்டுப் பழகின பிள்ளை. ஆசையில செஞ்ச காரியம். என் கையில இருந்த கரண்டி எண்ணெய்க்குள்ள விழுந்தது. நான் ஓடிப் போய்ப் படித்துறையில பாத்தேன், ஆத்துத் தண்ணி அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தது.

பொழுது சாஞ்சது. குழைவாங்கி தலையத் தடவிப் பாத்திருப்பா, ஒண்ணும் இல்ல. மலைய அடைச்சுட்டா.

மறுநாள் விடிஞ்சதும் ஆனைக்கல்லுகிட்ட நீலச் சட்டை தெரிஞ்சது. போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, எங்க ஊர் ஆம்பளைக அம்புட்டு பேரும் ஆளுக்கொரு குழை வச்சுட்டு ஏறினாவ. எந்தப் பக்கமா ஏறினாலும், ஓடினாலும், சுத்தி வளைச்சாலும், அவனுக்கும் அவகளுக்கும் நடுவுல அதே நாப்பது மீட்டர். பறக்குற கேமராவ விட்டாவ, அதுவும் நாப்பது மீட்டர்ல நின்னு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுச்சே தவிர அங்கிட்டு நகரல. வசுமதி தொண்டை கிழியக் கத்தினா, "செழியன்! டப்பா வேண்டாம், திரும்பி வாங்க!" அவனுக்குக் கேட்டது. கேக்காம இல்ல. திரும்பிக் கையாட்டினான், நல்லாத் தெளிவாப் பதில் சொன்னான், "இதோ வந்துட்டேன் வசு, நாப்பது மீட்டர்தான்." அன்னைக்கு இருந்து அதுதான் பதில், எத்தன தடவ கூப்பிட்டாலும் அதே சந்தோசத்தோட அதே பதில்.

கீழ இருந்துக்கிட்டே அவனுக்காகக் குழை வச்சுப் பாத்தா வசுமதி. கைய எடுக்கும் முன்னே வாடி விழுந்தது. ஏறாத ஆள் குழை குழைவாங்கி தலையில நிக்காது. அப்படியும் தினம் ஒண்ணு வச்சுக்கிட்டேதான் இருந்தா. போலீஸ்காரவ போயிட்டாவ, பேப்பர்காரவ வந்து பாத்துட்டு, போட்டோவுல வெறும் பாறைதான் விழுதுன்னு சொல்லிட்டு அவகளும் போயிட்டாவ. மெட்ராஸ்லேருந்து அவ அண்ணன் வந்து கூப்பிட்டான். "அவர் இறங்கி வரும்போது கீழ நான் இல்லன்னா தேடுவார்"னு சொல்லிட்டா. என் வீட்டுலதான் இருந்தா, என் வீட்டுலதான் பெத்தா. பொம்பளப் பிள்ளை. தாரகைன்னு பேர் வச்சா. பொறந்த குருத்த ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஆத்தங்கரையில நின்னு, "பொண்ணுங்க! நமக்குப் பொண்ணு பொறந்திருக்கு!"ன்னு மலையப் பாத்துக் கூவினா. "இதோ வந்துட்டேன் வசு, நாப்பது மீட்டர்தான்"னு பதில் வந்தது. அன்னைக்கு நான் அழுத அழுகைய என் புருசன் செத்ததுக்கும் அழல.

ஊரு பழகிருச்சு. பழகுறதுக்கு என்ன, தேள் கொட்டுனாக்கூட நாலு நாள்ல பழகிரும். மொதல்ல பயந்து சன்னலச் சாத்தினாவ, பெறவு சாத்த மறந்தாவ, பெறவு சன்னல் வழியா மணி பாத்தாவ. பள்ளிக்கூடத்து வாத்தியார் அவனப் பாத்து மணி அடிச்சாரு, பஸ்ஸுக்காரர் அவனப் பாத்து வண்டிய எடுத்தாரு. அமாவாசைக்கு ஆனைக்கல்லுல வாழை இலை போட்டுத் தயிர்ச்சோறு வச்சாவ, சாயங்காலம் இலை காலியா இருக்கும், அவன் தின்னானா காக்கா தின்னுச்சான்னு கேக்கிற வழக்கம் இல்ல. புருசங்கூடச் சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்கு வந்து உக்காந்தவளுக்கு, "அந்தா நடக்கான் பாரு, உன் புருசன் வீட்டோடயாவது கிடக்கான்"னு புத்தி சொன்னாவ. அந்தக் கார் மழையில நனைஞ்சு டயரெல்லாம் மண்ணுல இறங்கிப் போச்சு, கோழிக உள்ள முட்டை வச்சுது, முன்சீட்ட மட்டும் கழட்டி என் கடையில போட்டேன், நீங்க உக்காந்திருக்கியளே, அதுதான்.

இம்புட்டோட போயிருந்தாப் பரவாயில்ல. ரெண்டாம் வருசம் வாழை குலை தள்ளுற சமயத்துல எங்க ஊர் பெரிய வாழைத்தோட்டக்காரர் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி ஒண்ணக் கவனிச்சாரு. ஆனை இறங்கல. காட்டுப்பன்னி இறங்கல. வருசா வருசம் பாதித் தோட்டத்த மிதிச்சுட்டுப் போற கூட்டம், மலையில ராவும் பகலும் ஒரு ஆள் நடமாட்டம் இருக்கவும், அங்கிட்டே ஒதுங்கிப் போயிருச்சு. அதுக்குப் பெறவு ஊருக்கே தனி முகம் வந்துட்டு. ஓட்டுவீடெல்லாம் மச்சாச்சு. வசுமதிக்கு அரிசி வந்தது, பருப்பு வந்தது, தீபாவளிக்குச் சேலை வந்தது, தாரகைக்குக் காதுகுத்துக்குத் தோடு வந்தது. அண்ணாச்சி அவளப் பாக்கும்போதெல்லாம் கை எடுத்துக் கும்பிட்டு, "உன் புருசன் புண்ணியத்துல இருக்கோம் தாயி"ன்னு சொல்லுவாரு. அது நெசமாவே நன்றிதான். நன்றி இருக்கிறவன்தான் பொல்லாதவன்னு எனக்கு அப்பத் தெரியல.

தாரகை மூணாங்கிளாஸ் போனா. அப்பன் முகத்தத் தூரத்துல இருந்தே பாத்து வளந்தவ. அவனுக்கு அதே நீலச் சட்டை, அதே வயசு, ஒரு முடி நரைக்கல. வசுமதிக்குக் காதோரம் வெள்ளி விழுந்துட்டு. தெனமும் காலையில அவன் நாவமரத்துக்கு வரும்போது இந்தப் பெஞ்சுல உக்காந்து மகளுக்குச் சடை பின்னுவா, ரெண்டு சடை, ரெண்டுலயும் நீல ரிப்பன், அப்பா சட்டைக் கலரு. பின்னிக்கிட்டே அந்த விளையாட்டப் பத்திச் சொல்லுவா. ஏரிக்கரையில கண்டுபிடிச்ச டப்பா, மழையில நனைஞ்ச டப்பா, எறும்பு குடியிருந்த டப்பா. அன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா, ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும், அதுதான் சட்டம்னு.

பிள்ளை தலையத் திருப்பிக் கேட்டா, "அப்போ அப்பாவோட குழைய நீ எடுத்தேல்லா, பதிலுக்கு நீ என்னம்மா வச்சே?"

பின்னின கை அப்படியே நின்னுட்டு. நான் பாலை ஆத்திக்கிட்டு இருந்தேன், பாதி தரையில போச்சு. இத்தன வருசமா அவளும் யோசிச்சா, நானும் யோசிச்சேன், ஊரும் யோசிச்ச மாதிரி நடிச்சுது, பயந்துக்கிட்டுப் பொழுது சாய மேல ஒருத்தரும் இருந்ததும் இல்ல, ஒருத்தர் புத்திக்கும் எட்டல. பிள்ளை கேட்ட பெறவுதான் விளங்குச்சு. கீழ இருந்து வச்ச குழை நிக்காது. ஏறி, பொழுது சாய்ற வரைக்கும் மேலயே இருந்தா நிக்கும். அம்மன் தன் தலையத் தடவிப் பாப்பா, ஒரு பச்சைக்குழை இருக்கும், ஒரு ஆள இறக்கியாகணும். மொதல்ல போனவன மொதல்ல இறக்குவா. அவன் கீழ வந்துருவான். குழைக்குச் சொந்தக்காரி மேலயே இருப்பா, அதனால குழை வாடாது. அத யாரும் தொடாம விட்டுட்டா, மறுநாள் பொழுது சாயும்போது அம்மன் திரும்பத் தடவுவா, அந்தக் குழைக்கு அவளையும் இறக்கி விட்டுருவா. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு பகல்.

"ஏளா, கூட ஒருக்கா யோசி"ன்னேன்.

"எட்டு வருசமா இவளோட சிரிப்ப எல்லாம் நான் ஒருத்தியே தின்னுட்டு இருக்கேன்க்கா. அவருக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கல. ஒரு ராத்திரிதானே."

"நான் போறேன்ளா, எனக்குப் பிள்ளையா குட்டியா."

"எடுத்தவ நான். வைக்க வேண்டியதும் நான்தான்க்கா."

அவ யாருக்கும் சொல்லாமப் போயிருக்கலாம். நல்ல குடும்பத்துல வளந்த பிள்ளை, எட்டு வருசம் சோறு போட்ட ஊருகிட்டச் சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு நினைச்சா. ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னா. குழைய மட்டும் யாரும் எடுத்துராதீங்க, அவர்கிட்டயும் எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, அது போதும்னா.

பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி கேட்டாரு, "அப்ப நாளான்னைக்கு மலையில யாரும் இருக்க மாட்டாவ?"

"இருக்க மாட்டாங்க அண்ணாச்சி, நாங்க மூணு பேரும் ஊருக்குப் போயிடுவோம்."

யாரும் பேசல. எங்கயோ ஒரு பிள்ளை இருமுச்சு. அண்ணாச்சி துண்ட எடுத்து முகத்தத் துடைச்சாரு, பெறவு சிரிச்சாரு. "உன் நல்ல மனசுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும் தாயி, ஊருக்கு இதுல ஆட்சேபனை இல்ல"ன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாவ. அவ கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு அந்தப் பேச்சில்லாத நேரம் உறுத்தத்தான் செஞ்சது, ஆனா சந்தோசத்துல இருக்கிறவ காதுல சந்தேகத்த ஊத்த எனக்கு வாய் வரல.

மறுநாள் கிளம்பினா. மஞ்சச் சேலை கட்டியிருந்தா. மகளுக்குச் சடை பின்னும்போது இடப்பக்கத்து ரிப்பன மட்டும் உருவிக் கையில சுத்திக்கிட்டு, "டப்பாவுல வைக்க ஏதாவது வேணும்ல, நாளைக்கு அம்மா வந்து புதுசு வாங்கித் தர்றேன்"னா. அந்தச் சடைக்கு நான் பூக்கட்டுற நூலக் கட்டி விட்டேன். பொம்பளைக குரவை போட்டாவ. அண்ணாச்சி தன் தோட்டத்துப் பழம் ஒரு சீப்பு கொடுத்தாரு. அவ குழைய ஒடிச்சு, குழைவாங்கி தலையில வச்சு, கண்ண மூடி நின்னா, பெறவு திரும்பிப் பாத்துத் தாரகைக்குக் கையக் காட்டிட்டு ஏறிப் போனா.

பொழுது இறங்க இறங்க நான் கல்லுகிட்டப் போய் நின்னேன். குழை பச்சையா இருந்தது. அண்ணாச்சி நாலு பேரோட வந்தாரு. "சொர்ணம், எட்டு வருசம் கழிச்சு ஒரு மனுசன் இறங்கி வாரான், குடிக்க ஒரு வாய் டீ இல்லன்னா ஊருக்கு அசிங்கமில்லையா? நீ போய் அடுப்பப் பத்த வை, குழைக்கு நான் காவல் நிக்கேன்"னாரு. பெரிய மனுசன், வாய் நிறையச் சொன்னாரு. பிள்ளையும் கடையில தனியா இருந்தது. நான் வந்துட்டேன். அடுப்பப் பத்த வச்சேன்.

பால் பொங்குற நேரம். பாலத்துல காலடிச் சத்தம் கேட்டது. தாரகை என் சேலைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அந்த நீலச் சட்டை, கழுத்துல துண்டு, கக்கத்துல ஒரு துருப்பிடிச்ச தகர டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

"கிடைச்சிடுச்சுக்கா! நாப்பது மீட்டர், நாப்பது மீட்டர்னு சுத்தல்ல விட்டுடுச்சு, கடைசியில பாத்தா ஒரு புதருக்கு அடியில. ரொம்ப லேட் பண்ணிட்டேனா, இருட்டிடுச்சே? வசு திட்டினாளா?" அப்படியே வந்து சீட்டுல உக்காந்தான், தன் கார் சீட்டுல, அது தெரியாமலே. கைய உதறினான், ஈரம் சொட்டுச்சு.

நான் ஈரத்தப் பாத்தேன். "தம்பி, கையில என்ன தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான்க்கா. நீங்க சொன்னத மறப்பேனா? குழைய எடுத்து ஆத்துல விட்டுட்டுத்தான் வர்றேன். அந்த அண்ணாச்சிகூட நல்ல மனுசர், அவரே எடுத்துக் கொடுத்து, இதுதான் தம்பி உங்க குழை, வழக்கத்த மறக்காதீங்கன்னாரு. ஆச்சரியமா இருந்துச்சுக்கா, காலையில வச்சது, இன்னும் பச்சையாவே இருந்துச்சு."

நான் ஓடினேன். பாலத்துல செருப்பு அறுந்தது, வெறுங்காலோட ஓடினேன். படித்துறையில தண்ணி அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தது. கல்லு மொட்டையா நின்னது. அண்ணாச்சி மேல் துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, என் முகத்தப் பாக்காம, "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா சொர்ணம்"னாரு. "நாசமாப் போவீரு! உம்ம வாழை வேரோட அழுகிப் போகும்!"னு மண்ண வாரித் தூத்தினேன். அவர் வாழை அழுகல. இந்த வருசமும் குலை குலையாத் தள்ளியிருக்கு, வரும்போது பாத்திருப்பிய.

நான் திரும்பி வரும்போது செழியன் டப்பாவத் திறந்து மடியில வச்சுக்கிட்டு, எதிர்ல நிக்கிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கிட்டு இருந்தான். "இங்க பாரு பாப்பா, நான் ஒரு சாவிக்கொத்த வச்சுட்டு, இத எடுத்துட்டு வந்தேன்"னு ஒரு நீல ரிப்பன எடுத்து நீட்டினான். அது எப்படி அவளுக்கு முந்தி அந்தப் புதருக்குப் போச்சுன்னு என்னைக் கேக்காதீய. "எங்களுக்குப் பிள்ளை பொறக்கப் போகுது. பொண்ணாப் பொறந்தா ஆகும்ல?"

தாரகை தலையக் கொஞ்சம் சாய்ச்சு, நூல் கட்டியிருந்த இடப்பக்கத்துச் சடைய எடுத்து அவன் முன்னால நீட்டினா. அவன் ரிப்பனப் பாத்தான். வலப்பக்கத்துச் சடையில இருந்த ரிப்பனப் பாத்தான். அவ முகத்தப் பாத்தான், அதுல வசுமதி கண்ணும் அவன் மூக்கும் இருந்தது. பெறவு மெதுவாக் கீழ குனிஞ்சு, தான் உக்காந்திருந்த சீட்டத் தடவிப் பாத்தான்.

விடிஞ்சதும் ஆனைக்கல்லுகிட்ட மஞ்சச் சேலை தெரிஞ்சது. ஊர்ல பால் கறந்தாவ.

அப்புறம் என்ன நடக்கணும்? அவன் ஏறப் பாத்தான், நானும் ஏறப் பாத்தேன். கல்லுக்குக் காவல் போட்டாச்சு. பொழுது சாய ஒரு நாழிகைக்கு முன்னாலயே ரெண்டு ஆள் வந்து உக்காந்து, மேல எவன் இருந்தாலும் சரி, பச்சையோ வாடலோ, எல்லாக் குழையவும் வழிச்சு ஆத்துல விட்டுருவாவ. அதுக்குப் பேரு வழக்கத்தக் காப்பாத்துறது. அதுக்குத்தான் சொல்லுதேன், நீங்க போறதுன்னா மத்தியானத்துக்குள்ள இறங்கிருங்க. ஏறினவன் இறங்காட்டா ஊருக்கு இன்னும் லாபம், ரெண்டு ஆள் நடப்பாவ.

அண்ணாச்சி இப்பவும் மாசம் தவறாம ஒரு குலை அனுப்புதாரு. தாரகை அத அப்படியே ஆத்துல விட்டுட்டு வருவா. தான் கேட்ட கேள்விதான் அம்மாவ ஏத்திருச்சுன்னு அவளுக்கு நினைப்பு. இல்லளா, உன் கேள்வியில குத்தமில்ல, ஊரு வயித்துல குத்தம்னு நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். கேக்கிற வயசா அது. எந்தக் கேள்வியும் இப்ப அவ கேக்கிறதில்ல, வாத்தியார்கிட்டகூட.

அந்தா, உங்களுக்குப் பின்னால, அடுப்படியில வடை மாவு ஆட்டுறவன்தான் செழியன். மெட்ராசுக்குப் போகல. வசு இறங்கி வரும்போது கீழ நான் இல்லன்னா தேடுவான்னு சொல்லிட்டான். காலையில இந்தப் பெஞ்சுல உக்காந்து மகளுக்குச் சடை பின்னுவான், கோணல்மாணலாத்தான் வரும். பின்னி முடிச்சு, மலையப் பாத்துக் கைய வாயில குவிச்சு, "வசு!"ன்னு கூப்பிடுவான். அவ நின்னு திரும்புவா. தெளிவாக் கேக்கும், இப்பக் கல்யாணமாகி வந்தவ குரல் மாதிரி அம்புட்டுச் சந்தோசமாக் கேக்கும்.

"இதோ வந்துட்டேங்க, நாப்பது மீட்டர்தான்."

அவன் அப்படியே நிப்பான். தாரகைதான் அவன் கையப் பிடிச்சு உக்கார வச்சு, "அம்மா நாவமரத்துக்கு வந்துட்டாப்பா, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு"ன்னு சொல்லிட்டுப் பைய எடுப்பா.